ஆடிய ஆட்டங்கள்

மான்டிவிடியோ, கால்பந்துச் சங்கம், மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும்;
அக்கரை ஒருநாளும் தெரிந்ததில்லை.
அங்கே உட்கார்ந்து பத்தொன்பது வருஷம்
ஆட்டக்காரர்களை அட்டையில் அடைத்தேன்.

உள்ளங்கை அகல அட்டை.
பெயர், பிறந்த ஊர், உயரம்,
எந்தக் கால், எந்தெந்த அணி,
ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள்.
கடைசியில் இரண்டு விரற்கடை இடம், குறிப்பு என்று.
அதில் எழுத எனக்கு அனுமதி கிடையாது.

ஹசின்தோ அரிஸ்மெந்தி:
எழுபத்திரண்டு ஆட்டம், நாற்பத்தொரு கோல்.
பத்திரிகைக்காரர்கள் எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி
மூலை மழுங்கி, மூன்று தடவை புதிதாக அடித்தேன்.
ஜெனோவாவுக்குப் போன விலை,
முழங்காலைக் கிழித்த வருஷம்,
எல்லாவற்றுக்கும் ஆள் வந்து நின்றது.

டெல்மிரோ லெசாமாவை யாரும் கேட்டதில்லை.
பிறந்த ஊர் தகுவாரெம்போ.
உயரம் நூற்று எண்பத்தெட்டு.
கோல்கீப்பர், மூன்றாமவன்.
இரண்டு உலகக் கோப்பைக்கு விமானம் ஏறினான்,
இரண்டு தடவையும்
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு இறங்கினான்.

ஆடிய ஆட்டங்கள்:
என் தட்டச்சுப் பொறியில் சைபர் விசை
உடைந்து நாளாயிற்று.
பதிலுக்கு ஓ என்ற எழுத்தை அடிப்பேன்.
எங்கள் ஸ்பானிய மொழியில்
தனியே நிற்கும் ஓ-வுக்கு
அல்லது என்று பொருள்.
ஆடிய ஆட்டங்கள்: அல்லது.
இத்தனை வருஷம் கண்ணில் படாதது
அன்றைக்குப் பட்டது.
ஆடினானோ ஆடவில்லையோ என்று
உருளையில் சுருண்டு கிடந்தது அட்டை.

ஒரு ஆகஸ்ட் மழையில் அவரே வந்தார்.
அட்டையில் அவன், எதிரே நின்றால் அவர்.
ஓய்வூதியத்துக்குச் சான்று வேண்டுமாம்.
ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்றேன்.
தெரியும் என்றார்.
தெரிந்தும் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை,
குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போவார்கள்,
அரிஸ்மெந்தி மட்டும் என்னைப் பிடித்துவைப்பான்.
நாற்பது பெனால்டி. தினமும். ஆறு வருஷம்.
உதைக்கும் முன் உன் இடது தோள் இறங்குகிறது என்றேன்,
மறுநாளிலிருந்து இறங்கவில்லை.
மூச்சை அடக்குகிறாய் என்றேன்,
அதையும் விட்டான்.
என்னிடம் இருந்த ஒவ்வொரு துப்பையும்
நானே அவனிடம் கொடுத்துத் தீர்த்தேன்."

அந்த அரையிறுதி ஊருக்கே தெரியும்.
முடிய இரண்டு நிமிஷம், பெனால்டி.
எதிரணிக் கோல்கீப்பர் ஒரு பக்கம், பந்து மறுபக்கம்.
தபால்தலையிலேயே போட்டார்கள்.

"அப்போது நான் பெஞ்சில் இருந்தேன், செனியோரா.
உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.
பந்து போன பக்கமே விழுந்தேன்,
மாத்தேவுக்கு வைத்திருந்த வெந்நீர்க் குடுவைமேல்."
சட்டைக் கையை மடித்தார்.
முழங்கைக்குக் கீழே சுருங்கிய தோல்,
வரைபடத்தில் பெயர் போடாத தீவு மாதிரி.
"எண்பதாயிரம் பேரில்
சரியாகப் பாய்ந்தவன் ஒருத்தன்தான்."
பெருமையாகச் சொல்லவில்லை.
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோலச் சொன்னார்.

அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடி மாட்டி
ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.
ஓ-வின்மேல் விரல் நிற்கும் என்று காத்திருந்தேன்.
கடந்து போயிற்று.
திரும்பி மேலே வந்து நின்றது.

"இது தப்பு. நூற்று எண்பத்தேழு.
ஒன்றைப் பத்திரிகைக்காரன் கூட்டிவிட்டான்."

புது அட்டை செருகினேன்.
ஏழு விசை நன்றாகவே வேலை செய்தது.